நூற்று அறுபத்தெட்டாவது டின்

பெரிய சமையற்கட்டுகளில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு எழுதுகிறேன். போன வாரம், நான் கடைசியாக வேலை பார்த்த மாணவர் விடுதிக்குப் போயிருந்தேன். அங்கே ஐம்பத்தெட்டு வயதுச் சமையல்காரர் ஒருவர் சாம்பாருக்கு இரண்டு தரம் உப்புப் போட்டுவிட்டாராம். இளம் பிள்ளைகள் மூன்று பேர் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "ஆன்ட்டி, அவருக்கு மண்டை ஓடலை லா. ரிட்டயர் ஆகச் சொல்லணும்" என்றான் ஒருவன்.

"எத்தனை மணிக்குப் போட்டார்?" என்று கேட்டேன்.

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கும் மண்டை ஓடவில்லை என்று முடிவு கட்டிவிட்டார்கள் என்பது தெரிந்தது. இருக்கட்டும். நான் ஏன் மணி கேட்டேன் என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில் என்னைப் பற்றி. நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். பயந்த சுபாவம். அடுப்பை அணைத்துவிட்டு வருவேன். அணைத்தேனா என்று பார்க்கப் போவேன். போய்ப் பார்த்தேனா என்ற சந்தேகத்தில் மறுபடியும் போவேன். இந்த வயதில் வந்த கோளாறு இல்லை இது. இருபத்தெட்டு வயதிலும் இப்படித்தான் இருந்தேன். ஆகவே நான் செய்த காரியங்களைப் படித்துவிட்டு, கிழவிக்கு அப்போதே புத்தி தடுமாறிவிட்டது போலிருக்கிறது என்று நினைக்க வேண்டாம். அது இளமையின் புத்தி.

மலாயாவில் வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம் நடந்துகொண்டிருந்த நேரம். புக்கிட் ரோத்தானிலிருந்து உள்ளே தள்ளி இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் என் வீட்டுக்காரர் மரம் சீவிப் பால் எடுக்கும் வேலை, பால்மரம் வெட்டுவது, செய்தார். காட்டுக்குள் துப்பாக்கியோடு இருந்தவர்களுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது என்பதற்காக, சிதறிக் கிடந்த தொழிலாளர் குடியிருப்பு லயங்களையெல்லாம் ஓரிடத்துக்குக் கொண்டுவந்து, சுற்றி முள்கம்பி வேலி போட்டு, ஒரே ஒரு வாசல் வைத்து, வாசலில் துப்பாக்கியோடு காவல்காரர்களை நிறுத்தியிருந்தார்கள். வீட்டில் ஒரு பிடி பச்சரிசியோ புழுங்கலரிசியோ இருக்கக் கூடாது. எல்லாருக்கும் ஒரே குசினியில் சோறு வடித்து, தலைக்கு இவ்வளவு என்று சன்னல் வழியாக அளந்து கொடுப்போம். குழம்பை அவரவர் வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். வடித்த சோறு ஒரு நாளில் புளித்துவிடும், அதைச் சேர்த்து வைத்துக் காட்டுக்கு அனுப்ப முடியாது என்பது மேலே இருந்தவர்களின் யோசனை. அளவுக்கு மேல் ஒரு கை சோறு கொடுத்தாலும் குற்றம். வேலிக்கு வெளியே ஒரு கை சோறு போனால் அதைவிடப் பெரிய குற்றம்.

அந்தக் குசினியில் இரண்டாவது ஆள் நான். முதல் ஆளை எல்லாரும் குசினி மாமா என்று கூப்பிட்டோம். அறுபத்து நான்கு வயது. முப்பது வருடம் தோட்டத் துரையின் பங்களாவில் சமைத்தவர். புதிதாக வந்த துரை தன்னோடு ஒரு ஹைனான் சீனச் சமையல்காரரைக் கூட்டிக்கொண்டு வந்ததால் இவரைக் கீழே அனுப்பிவிட்டார்கள். ஆனாலும் மாமா காலையில் வரும்போது வெள்ளைச் சட்டையில் பொத்தான் எல்லாம் போட்டுக்கொண்டுதான் வருவார். அவரும் அவர் மனைவியும் மட்டும்தான். பிள்ளைகள் இல்லை. வேலை போனால் லயத்து அறையும் போகும். வேலிக்கு வெளியே போய் அந்த நாளில் ஒரு கிழவனும் கிழவியும் எங்கே தங்குவது?

அரிசி அளப்பது மாமாவின் வேலை. தலைக்கு ஒரு பால் டின், பிள்ளைகளுக்கு அரை டின். முதல் ஒரு வருடம் கணக்கு மாறவே இல்லை. ஒரு வேளைக்கு நூற்று அறுபத்தெட்டு டின். பிறகு ஒரு வரிசை லயத்து ஆட்களைச் சுங்கை ஆயர் தாவார் பக்கம் வேறு தோட்டத்துக்கு மாற்றினார்கள். அதோடு புதுச் சட்டமும் வந்தது. தினமும் காலையில் தோட்டத்துக் கணக்கு எழுதும் பெரிய கிராணி ஆபீசிலிருந்து ஒரு சீட்டு அனுப்புவார். மொத்தத் தலை இத்தனை, ஆஸ்பத்திரியில் இருப்பவர்களைக் கழி, பாஸ் வாங்கி வெளியூர் போனவர்களைக் கழி, பிள்ளைகளைப் பாதியாக்கு, காவல்காரர்களைக் கூட்டு. இரண்டு நாள் ஒரே கணக்கு வந்ததில்லை.

சீட்டை நான் எழுத்துக் கூட்டிப் படிப்பேன். மாமா கண்ணை மூடிக்கொண்டு கேட்டு, நான் முடிக்கும் முன்பே எண்ணைச் சொல்லிவிடுவார். நான் கரித்துண்டால் சுவரில் போட்டுப் பார்ப்பேன். சரியாக இருக்கும். எனக்கு அவரைப் பார்த்தால் பிரமிப்பு.

ஆனால் சோறு மீந்தது.

முதல் நாள் அரிசி நன்றாக உப்பியிருக்கிறது என்று நினைத்தேன். இரண்டாம் நாள் யாராவது வாங்க வராமல் போயிருப்பார்கள் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் பக்கத்தில் நின்று, அவர் டின்னில் அள்ளி அள்ளிப் போடுவதை மனதுக்குள் எண்ணினேன். வாயில் சொன்ன கணக்கு நூற்று நாற்பத்து மூன்று. கை போட்டது நூற்று அறுபத்தெட்டு. போட்டு முடித்துக் கையைத் தட்டிக்கொண்டு, "சரியா நூத்தி நாப்பத்து மூணு" என்றார்.

"மாமா, கொஞ்சம் கூடுதலா வுழுந்துருச்சோ?" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ எத்தனாவது வரைக்கும் படிச்ச?"

"மூணாவது."

"மூணாவதுல கழித்தல் முடிஞ்சிருமா, இல்ல பாதியிலயே நிக்குமா?"

அதோடு டின்னை மூட்டைமேல் வைத்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்தார். அன்று மாலை வரை உள்ளே வரவில்லை. நான் பயந்துவிட்டேன். ஆபீசில் சொன்னால் அவர் வேலை போகும். சொல்லாவிட்டால் மீந்த சோறு என்ன ஆகும்? இந்த இடத்தில் நான் யாரையாவது கேட்டிருக்க வேண்டும். அதைச் செய்யாமல், எல்லாவற்றையும் நானே சமாளிக்கிறேன் என்று கிளம்பினேன். தம்பிகளே, வயதானவர் செய்கிற தப்பு ஒரு பங்கு என்றால், அதை மறைக்கப் போகிற இளையவர் செய்கிற தப்பு நாலு பங்கு.

முதலில் நானும் என் வீட்டுக்காரரும் தின்றோம். தோட்டமே எலும்பும் தோலுமாக இருந்த காலத்தில் அவருக்கு மட்டும் கன்னம் உப்பியது. கால்சட்டைப் பொத்தான் தெறித்தது. "இந்தா, நாலு பேரு பாக்குறாங்க. எனக்கு வயிறு வந்ததுக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்று கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு எங்கள் கோழிகளுக்குப் போட்டேன். அவை நடக்க முடியாமல் உட்கார்ந்துகொண்டன. கடைசியில் குசினிக்குப் பின்னால், அடுப்புச் சாம்பல் கொட்டும் இடத்தில், வாழைமரங்களுக்கு நடுவே புதைத்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

அங்கேதான் நான் பிறந்து வளர்ந்த லட்சணத்தைக் காட்டினேன். சோற்றை வெறும் மண்ணில் கொட்ட எனக்குக் கை வரவில்லை. பாவம் அல்லவா? எனவே வாழையிலையை நறுக்கி, தணலில் வாட்டி, ஒவ்வோர் ஆள் சோற்றையும் அழகாகப் பொட்டலமாகக் கட்டி, நார் போட்டு முடிந்து, வரிசையாக அடுக்கிப் புதைத்தேன். மண்ணை மூடும்போது சிலுவை போட்டுக்கொண்டேன். வாழைமரத்துக்கு அந்தப் பக்கம் நாலு அடியில் முள்கம்பி வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் ரப்பர். ரப்பருக்கு அந்தப் பக்கம் காடு.

இவ்வளவு யோசித்து யோசித்துப் பயப்படுகிற எனக்கு, அது பார்க்கிறவர்கள் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்பது மட்டும் தோன்றவில்லை.

மூன்றாவது வாரம் ஒரு போலீஸ் துரை வந்தார். வெள்ளைக்காரர், என்னைவிட இளையவராக இருப்பார், வெயிலில் மூக்கு உரிந்திருந்தது. பக்கத்துத் தோட்டத்தில் யாரோ வேலி வழியாகச் சாமான் கொடுப்பதாகத் துப்பு வந்ததாம். கூடவே ஒரு மோப்ப நாய். நாய் எந்த லயத்தையும் மோந்து பார்க்கவில்லை. வாசலில் நுழைந்ததும் நேரே குசினிக்குப் பின்னால் ஓடி, கால்மணி நேரத்தில் எழுபதுக்கு மேல் பொட்டலங்களைத் தோண்டிப் போட்டது. பழையவை புளித்து நுரைத்திருந்தன. புதியவற்றில் இரண்டை நாய் பிரித்தே தின்றுவிட்டது. அதற்குள் ஸ்டோரில் மூட்டைகளை எண்ணிப் பார்த்துவிட்டார்கள். ஒரு மூட்டைக்கு மேல் குறைந்தது.

ஆபீசில் என்னை நிறுத்தினார்கள். துரை நீளமாக ஏதோ கேட்டார். பெரிய கிராணிதான் மொழிபெயர்க்கும் துபாஷ். "இந்தப் பொட்டலமெல்லாம் யாருக்கு?" என்றார்.

"யாருக்கும் இல்லைங்கய்யா, மண்ணுக்குத்தான். சோத்த மண்ணுல கொட்டுனா பாவம்னு இலையில கட்டுனேன். மொதல்ல நாங்க தின்னோம், எங்க வீட்டுக்காரருக்குப் பொத்தான் தெறிச்சுப் போச்சு, கோழிக்குப் போட்டேன், கோழி எந்திரிக்கல, அப்புறம் வேற வழியில்லாம..."

கிராணி துரையிடம் நாலே சொல்லில் முடித்துவிட்டார்.

"என்ன சொன்னீங்க?" என்றேன்.

"நீதான் பொதைச்சேன்னு சொன்னேன்."

"மத்ததெல்லாம்?"

"மத்ததையும் சொன்னா ரெண்டு பேரையும் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பிருவாங்க."

துரை சொன்னார்: இவ்வளவு நேர்த்தியான பொட்டலங்களை யாரும் மண்ணுக்காகக் கட்ட மாட்டார்கள். தோண்டியது எழுபது என்றால், ஏற்கெனவே எடுத்துக்கொண்டு போனது எத்தனையோ?

அப்போது குசினி மாமா உள்ளே வந்தார். சட்டைப் பொத்தான் கழுத்துவரை போட்டிருந்தார். "பொதைச்சது அந்தப் பொண்ணு. சமைச்சது நான்" என்றார்.

கூடுதல் அரிசி எதற்கு என்று கேட்டார்கள். "கூடுதலா நான் ஒரு டின்னும் போடல" என்றார். ஒரு மூட்டை குறைகிறதே என்றார்கள். மாமா ஸ்டோர்ச் சாவியைப் பார்த்தார், பொட்டலங்களைப் பார்த்தார். அந்த ஒரு நொடியில் அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். முகம் அப்படி வெளிறியது.

"கணக்குத் தப்பிப் போச்சா, இல்ல காட்டுக்குப் போச்சான்னு துரை கேக்குறாரு" என்றார் கிராணி.

மாமா நிமிர்ந்து நின்றார். "காட்டுக்குன்னே எழுதிக்கச் சொல்லுங்க."

கிராணியின் கையிலிருந்து பென்சில் விழுந்தது. "யோவ் மாமா, அப்படிச் சொன்னா உள்ள தள்ளி இந்தியாவுக்குக் கப்பல் ஏத்திருவாங்க லா!"

"ஏத்தட்டும். பங்களாவுல கிறிஸ்மஸுக்குப் பதினோரு தட்டு, பதினோரும் சூடா, ஒரே நிமிஷத்துல மேசைக்குக் கொண்டுபோனவன் நான். கழித்தல் தெரியாம சோத்தப் பொங்கிப் பொதைச்சவன்னு பேரு வாங்கிட்டு இந்த லயத்துல உக்காரச் சொல்றியா?"

துரை என்ன சொல்கிறார் என்று கேட்டார். கிராணி இருமினார். யோசித்துச் சொல்கிறேன் என்கிறார் என்று மொழிபெயர்த்தார். அந்த மனிதருக்கு நல்ல சாவு கிடைத்திருக்க வேண்டும்.

எனக்கு இரண்டே வழி. வாயை மூடிக்கொண்டால் மாமா ஜெயிலுக்குப் போவார், கூடவே நானும். வாயைத் திறந்தால் அவர் எதைக் காப்பாற்ற ஜெயிலுக்குப் போகத் துணிந்தாரோ அதை நானே உடைக்க வேண்டும். நான் வாயைத் திறந்தேன். வீரத்தினால் அல்ல, பயத்தினால்தான். "ஐயா, அவரு பொய் சொல்றாரு. அவருக்குக் கணக்கு நிக்க மாட்டேங்குது. வாயில ஒண்ணு சொல்றாரு, கை வேற போடுது" என்றேன். மாமா என் பக்கம் திரும்பவே இல்லை.

துரைக்கு நியாய புத்தி இருந்தது. அப்படியானால் சோதித்துப் பார்ப்போம் என்றார். மறுநாள் காலை எட்டு மணிக்குக் குசினியைக் காலி செய்து, சன்னலைச் சாத்தி, மாமாவை மூட்டை முன்னால் உட்கார வைத்தார்கள். ஒரு டின்னுக்கு ஒரு தீக்குச்சி என்று துரையே எடுத்து வைக்க உட்கார்ந்தார். கிராணி சீட்டைப் படித்தார். நூற்று அறுபத்து நான்கு தலை, ஆஸ்பத்திரியில் ஒன்பது, பாஸில் நான்கு, பிள்ளைகள் முப்பத்தெட்டு, காவல்காரர் பன்னிரண்டு.

"நூத்தி நாப்பத்து நாலு" என்றார் மாமா, கண்ணைத் திறக்காமலே.

அளந்தார். தீக்குச்சிகளை எண்ணினார்கள். நூற்று நாற்பத்து நான்கு. ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை.

மாமா என்னைப் பார்த்துச் சிரித்தார். வாழ்க்கையில் அவ்வளவு வெற்றிகரமான சிரிப்பை நான் பார்த்ததில்லை. துரை சிரிக்கவில்லை. இவருக்குக் கணக்கு நன்றாகவே வருகிறது, அப்படியென்றால் கூடுதல் அரிசி தெரிந்தே போட்டது என்று கிராணியிடம் சொன்னார். அதைக் கிராணி தமிழில் சொன்னதும் மாமாவின் சிரிப்பு பாதியில் நின்றது. காவல்காரர் ஒருவர் விலங்கை எடுத்தார்.

நான் பயந்தவள் என்று சொன்னேன் அல்லவா? பயந்தவர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. நடந்ததையெல்லாம் நாற்பது தடவை மனதில் ஓட்டியிருப்போம். விலங்கைப் பார்த்ததும் எனக்கு அந்த மூன்று வாரமும் கண்முன் ஓடியது. மத்தியானச் சோறுதான் மீந்தது. மாலைச் சோறு ஒரு நாளும் மீந்ததில்லை. சீட்டு ஒன்று, டின் ஒன்று, மனிதர் ஒருவர். மாலையில் மட்டும் எப்படிச் சரியாக வந்தது? மாலையில் சன்னலில் ஆள் இல்லை. பெண்கள் வீட்டில் குழம்பு வைத்துக்கொண்டிருப்பார்கள். காலை பத்து மணிக்குத்தான் சீக்கிரம் வேலை முடிந்தவர்கள் வந்து, பாத்திரத்தை வரிசையில் வைப்பதற்குச் சண்டை போடுவார்கள். அப்போதுதான் மாமா மத்தியான அரிசியை அளப்பார்.

"ஐயா! பத்து மணிக்கு அளக்கச் சொல்லுங்க! சன்னலத் தெறந்து வச்சு அளக்கச் சொல்லுங்க!" என்று கத்தினேன்.

பத்து மணிக்குச் சன்னலைத் திறந்தார்கள். கிராணி புதுச் சீட்டைப் படித்தார். ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு பெரியவர்கள் திரும்பியிருந்தார்கள். "நூத்தி நாப்பத்தாறு" என்றார் மாமா உடனே. அளக்க ஆரம்பித்தார். துரை தீக்குச்சியோடு உட்கார்ந்தார்.

பெண்கள் வந்தார்கள். போலீஸ் துரை உள்ளே இருக்கிறார் என்று கேள்விப்பட்டுத் தலைவாரி, நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். பாத்திரங்களைச் சத்தமில்லாமல் ஒன்றன்பின் ஒன்றாக வைத்தார்கள். "நீ முன்னாடி வச்சுக்க அக்கா" என்று ஒருத்தி. "பரவாயில்ல, நீ வையி" என்று இன்னொருத்தி. மாதா கோவிலில்கூட அவ்வளவு அமைதியை நான் பார்த்ததில்லை. அவர்கள் ஒழுக்கமாக நின்றால் மாமா ஜெயிலுக்குப் போவார். இருபது டின் ஆகிவிட்டது. முப்பது ஆகிவிட்டது.

சன்னலில் தலையை நீட்டினேன். "காளியம்மா! நேத்து என் பானையத் தள்ளிட்டு உன் பானைய முன்னாடி வச்சது நீதானே?"

காளியம்மா தோட்டத்திலேயே பெரிய குரல்காரி. அவளும் முதலில் துரையைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டாள். "இல்ல லூர்தக்கா" என்றாள் மெதுவாக.

"பொய் சொல்லாத. உன் வழக்கமே அதுதான். உன் அம்மா வழக்கமும் அதுதான்."

அவ்வளவுதான். "எங்கம்மாவ எதுக்குடி இழுக்குற? பொட்டலம் கட்டிப் பொதைக்கிறவ நீ! ஊருல இருக்குற எல்லாருக்கும் வயிறு ஒட்டிக் கெடக்கு, உன் புருசனுக்கு மட்டும் தொந்தி! எந்தக் கடையில வாங்குன தொந்தி அது?" என்று அவள் தொடங்க, "ஏய், அவ பானைய நவுத்துனத நானே பாத்தேன்" என்று பின்னாலிருந்து ஒருத்தி, "நீ பாத்த லட்சணம் தெரியாதா" என்று மற்றொருத்தி. ஒரு பானை உருண்டது. "மாமா, கஞ்சித் தண்ணி கொஞ்சம் குடுங்க மாமா, புள்ளைக்குக் காய்ச்சலு" என்று நடுவில் ஒரு கை நீண்டது.

மாமா ஒவ்வொருவருக்கும் மரியாதையாகப் பதில் சொன்னார். "கஞ்சித் தண்ணி ஆறட்டும்மா, தர்றேன்." "அடிச்சுக்காதீங்க, பானை நசுங்கிரும்." கை மட்டும் நிற்கவில்லை. நூற்று நாற்பத்தாறு வந்தது, போனது. துரையின் புருவம் உயர்ந்தது. நூற்று ஐம்பது. நூற்று அறுபது. நூற்று அறுபத்தெட்டாவது டின்னைப் போட்டதும், யாரும் சொல்லாமல், கை தானாக நின்றது. மூட்டையின் வாயைக் கட்டினார். பழைய ஒரு வருடக் கணக்கு, கைக்குள்ளே கல்வெட்டு மாதிரி இருந்தது. புதுக் கணக்கு காற்றில் எழுதியது மாதிரி. சத்தம் வந்தால் கலைந்துவிடும்.

"நூத்தி நாப்பத்தாறு. சரிதானே?" என்றார்.

சன்னலில் சத்தம் நின்றுவிட்டது. கிராணி தீக்குச்சிகளைத் தள்ளிவைத்தார். மாமா குனிந்து, தானே ஒவ்வொன்றாக எண்ணினார். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து எண்ணினார். பிறகு டின்னை எடுத்துத் தன் சட்டை நுனியால் துடைத்து மேசைமேல் வைத்தார். அந்த நேரத்தில் அவருக்கு நூறு வயது போலிருந்தது.

காளியம்மாதான் பேசினாள். "நாங்க போட்ட கத்துல துரைதான் குச்சியத் தப்பா வச்சிருப்பாரு. அந்தத் தம்பிய மறுபடி எண்ணச் சொல்லுங்க கிராணி ஐயா."

இதை மட்டும் கிராணி ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தார். துரை சன்னலைப் பார்த்தார். காளியம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அவரை முறைத்தாள். அவர் முதல்தடவையாகச் சிரித்தார். உரிந்த மூக்கு வலித்திருக்கும், உடனே தொட்டுப் பார்த்துக்கொண்டார். விலங்கு உள்ளே போனது. காட்டுக்கு எதுவும் போகவில்லை என்று எழுதிக்கொண்டு போனார். சோற்றைப் புதைத்ததற்கு என்னை மட்டும் நன்றாகத் திட்டச் சொன்னார். கிராணி திட்டினார்.

தோட்டத் துரை மாமாவை நிறுத்திவிடத்தான் பார்த்தார். அந்தக் குசினியில் மாமாவைத் தவிர வேறு யாருக்கும் ஒரே பதத்தில் மூன்று அண்டா சோறு வடிக்கத் தெரியாது, சோறு குழைந்தால் ஆட்கள் வேலைக்குப் போக மாட்டார்கள் என்று கிராணி எடுத்துச் சொன்னார். பொய்யில்லை. வேகிற சத்தத்தை வைத்தே எந்த அண்டாவில் தண்ணீர் போதவில்லை என்று மாமா சொல்லுவார். அந்த அறிவுக்கு வயதே ஆகவில்லை. கடைசியில், சமைப்பது மாமா, அளப்பது நான் என்று முடிவானது. அறை தப்பியது.

பிள்ளைகளே, வயதானால் மண்டை ஓடாது என்று ஒரே போடாகப் போட்டுவிடாதீர்கள். எது ஓடுகிறது, எது ஓடவில்லை, எந்தச் சத்தத்தில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். தப்பு நடந்தால் ஆளைப் பார்க்கும் முன்னால் மணியைப் பாருங்கள். அந்த நேரத்தில் அவரைச் சுற்றி யார் யார் என்னென்ன கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று விசாரியுங்கள். தப்பே இல்லை என்று மூடி மறைக்கவும் வேண்டாம். மறைத்த ஒருத்தியின் கதையைத்தான் இவ்வளவு நேரம் படித்தீர்கள். எனக்கே இப்போது அறுபத்தொன்பது. கழித்தல் வருகிறது. கழிக்கும்போது யாராவது "ஆன்ட்டி" என்று கூப்பிட்டால் போய்விடுகிறது.

ஆனால் வேலையும் அறையும் மிஞ்சியதால் மாமா என்னை மன்னித்துவிட்டார் என்று நினைக்காதீர்கள். ஐந்து மாதம் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. குசினியில் நாங்கள் இரண்டு பேர்தான். "ரெண்டாவது அண்டா வெந்துருச்சுன்னு யாராச்சும் அந்தம்மாகிட்டச் சொல்லுங்கப்பா" என்று தூணைப் பார்த்துச் சொல்வார். நானும் தூணைப் பார்த்து, "சரின்னு சொல்லுப்பா" என்பேன். தூண் எங்கள் இருவருக்கும் நல்லபடியாக உழைத்தது. அவர் உப்புப் பார்க்கச் சொல்லித் தூணுக்கு நேரே கரண்டியை நீட்டுவார். நான் போய் வாங்கிக்கொள்வேன். உள்ளுக்குள் ஒவ்வொரு நாளும் அறுந்துபோனேன். சொன்னது உண்மைதான், ஆனால் அவர் மானத்தை நாற்பது பெண்களுக்கு முன்னால் கெடுத்திருக்க வேண்டுமா? இன்றைக்கு வரை பதில் தெரியவில்லை.

ஒரு நாள் பத்து மணிக்கு அளந்துகொண்டிருந்தேன். காளியம்மா சன்னலுக்கு ஓடிவந்தாள். "லூர்தக்கா, உன் வீட்டுக்காரர வாசல்ல புடிச்சு வச்சிருக்காங்க! பைக்குள்ள அவிச்ச மரவள்ளிக்கெழங்கு இருந்துச்சாம்!"

வேலிக்கு வெளியே கிழங்கு! மறந்து வைத்திருப்பாரா, யாராவது போட்டிருப்பார்களா, விட்டுவிடுவார்களா, அடிப்பார்களா. வாய் எண்ணிக்கொண்டே இருந்தது, கை அள்ளிக்கொண்டே இருந்தது. முடித்தேன். அரைமணி நேரத்தில் அவரைத் திட்டி விட்டுவிட்டார்கள். கிழங்கை அவர்களே தின்றுவிட்டார்களாம்.

மத்தியானம் சோறு போட்டோம். கடைசியில் வந்த இரண்டு பேருக்குச் சோறு இல்லை. எங்கள் இருவருக்கும் எடுத்துவைத்திருந்த சோற்றை எடுத்துக் கொடுத்தோம். அண்டாவைச் சுரண்டினேன். ஒன்றும் இல்லை. என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தலையைத் தூக்க முடியவில்லை.

மாமா தூணைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"ரெண்டு டின் கொறைச்சுப் போட்டுட்ட, லூர்து" என்றார். அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை நான் எப்படி எழுதுவது? பண்டிகைக்குப் புதுச் சட்டை வாங்கியவர் குரல். "உனக்கு இருவத்தெட்டு வயசு. ஒரே ஒரு காளியம்மாதான் கத்துனா. எனக்கு நாப்பது பேரு கத்துனாங்க. என்ன?"

"ஆமா மாமா" என்றேன்.

இரண்டு மங்குக் குவளைகளில் கஞ்சித் தண்ணீரை ஊற்றி, உப்புப் போட்டு, ஒன்றை என் பக்கம் தள்ளினார். "குடி. நாளையிலருந்து நீ அளக்குறப்ப நான் சன்னல்கிட்ட நிக்கிறேன். எவளும் வாயத் தெறக்கக் கூடாது."

மறுநாள் சொன்னபடியே வந்து நின்றார். "பேசாத! யாருடி அங்க பேசுறது? அந்தப் பொண்ணு எண்ணுறா, தெரியல? ஒருத்தரும் பேசக் கூடாது!" என்று அவர் போட்ட சத்தத்தில், எனக்கு எழுபதுக்கு மேல் எண்ணிக்கை நிற்கவில்லை.